சமயமானபோது

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

பர்மாவில், மோல்மீனில் ஒரு மரச்சாமான் கடையில் வேலை செய்கிறேன். பத்து வருடமாகப் புகையிலை வைத்த வெற்றிலை, இங்கே குன்யா என்போமே, அதை விட முடியவில்லை. மூன்று முறை சபையில் எழுந்து நின்று பொருத்தனை செய்தேன். மூன்றும் ஒரு மாதம் தாண்டவில்லை. இச்சையடக்கம் ஆவியின் கனி என்றால், என்னிடம் விசுவாசமே இல்லையா? ஈஸ்டருக்கு முன் வரும் அடுத்த லெந்து நாட்களில் நாற்பது நாள் உபவாசமிருந்து விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். அதுவரை புகையிலை இல்லாமல் போட்டால் பரவாயில்லையா?

ஒரு வாசகர்

தம்பி,

பரவாயில்லை என்று என் வாயால் சொல்ல மாட்டேன். புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது. பாக்கே போதும்.

விசுவாசம் இல்லாதவன் இப்படிக் கலங்கி எழுத மாட்டான். வேதத்தில் கலாத்தியர் நிருபத்தில் அந்தக் கனியின் பட்டியலுக்குச் சற்று மேலே பார். ஒருவரையொருவர் கடித்துப் பட்சிக்கிற சபைக்குத்தான் பவுல் அதை எழுதுகிறார். சரி, அது போகட்டும்.

எனக்குக் கோபம் வந்தது 'அடுத்த லெந்து' என்று எழுதினாயே, அங்கேதான். அப்போஸ்தலர் 24-ஐ எடுத்து வாசி. தேசாதிபதி பேலிக்ஸிடம் கைதி பவுல் நீதியையும் இச்சையடக்கத்தையும் வரப்போகிற நியாயத்தீர்ப்பையும் பற்றிப் பேசுகிறார். பேலிக்ஸ் பயந்துபோகிறான். அதாவது, வார்த்தை அவனைத் தொட்டுவிட்டது. அப்புறம் என்ன சொல்கிறான்? "இப்பொழுது நீ போகலாம், எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்." இரண்டு வருடம் அடிக்கடி அழைத்துப் பேசவும் செய்தான். கடைசியில் பவுலைக் காவலிலேயே விட்டுவிட்டுப் போனான். அந்தச் சமயம் வரவே இல்லை. உபவாசத்துக்கு நான் விரோதி இல்லை, தம்பி. ஆனால் மாதக்கணக்கில் தள்ளி வைத்த உபவாசம், அதுவரை மென்றுகொண்டிருக்க நீயே எழுதிக்கொண்ட அனுமதிச்சீட்டு. மூன்று பொருத்தனையும் உடைந்ததற்கு நீ அழுதது போதும். நாலாவதற்குத் தேதி குறிக்காதே.

இதை நான் வேதத்தில் படிக்கும் முன்பே வீட்டில் பார்த்தேன். அப்பாவுக்கு ரங்கூன் சூரத்தி பஜார் பக்கம் ஒரு பருப்புக் கடையில் கணக்கு வேலை. அவருடைய வேதப்புத்தகத்தில் பக்க ஓரமெல்லாம் சுண்ணாம்புக் கறை, சங்கீதம் பகுதியில் ஆள்காட்டி விரல் அளவுக்கு வெள்ளை வெள்ளையாக. மகாபண்டூலா சாலை முனையில் ஒரு வெற்றிலைக்காரர் உட்கார்ந்திருப்பார். அப்பா தூரத்தில் வரும்போதே இலையைத் துடைத்து, குச்சியால் சுண்ணாம்பு தடவி, புகையிலை தூவி மடித்து வைத்துவிடுவார். அப்பா வாய் திறந்து கேட்க வேண்டியதே இல்லை. வருடா வருடம் 'இந்த லெந்தோடு சரி' என்பார். அம்மா பதில் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டாள்.

விட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. பண்டிகை இல்லை, கூட்டம் இல்லை, சபையில் யாரிடமும் சொல்லவில்லை. அன்று வீட்டுக்கு அரைமணி நேரம் தாமதமாக வந்தார். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, "அனோரதா சாலை வழியா வந்தேன்" என்றார், அவ்வளவுதான். அந்த முனையைத் தவிர்க்கச் சுற்றி வந்திருக்கிறார். முதல் வாரம் கை நடுங்கியது, எங்களிடம் எரிந்து விழுந்தார். ஆசை வரும்போது வாசலில் போய் நின்று, மெதுவாக ஒரு கீர்த்தனையைப் பாடி முடிப்பார். பாட்டு முடிவதற்குள் பெரும்பாலும் ஆசை தணிந்திருக்கும். புகையிலை ஏக்கம் ஒவ்வொரு முறையும் சில நிமிடம்தான் உச்சத்தில் நிற்கும் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு அது தெரியாது. ஜெபித்தார், பாடினார், வழியை மாற்றினார். பல வருடம் கழித்து, ஆசையெல்லாம் அற்றுப்போன பிறகும், அனோரதா சாலை வழியாகவேதான் வீட்டுக்கு வந்தார்.

நீ இருப்பது அமெரிக்க மிஷனரி ஜட்சன் பர்மிய வேதாகம மொழிபெயர்ப்பை முடித்த ஊர். 1813-ல் ரங்கூனில் இறங்கியவர், நடுவில் ஆவா சிறையையும் பார்த்துவிட்டு, 1834-ல் முடித்தார். நல்ல காலம் பிறக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

உன் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் அந்த வெற்றிலைக்கடை எந்தப் பக்கம் இருக்கிறது? சுற்றிப் போக வேறு வழி உண்டா? இன்று சாயங்காலமே நடந்து பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்