கேள்வி–பதில்: வீட்டில் இரண்டு பிராசசர் கணினி

கேள்வி: வீட்டிலிருந்தபடியே கல்யாண வீடியோக்களை எடிட் செய்து தருகிறேன், கணினியைப் பிரித்துப் பூட்டுவதிலும் ஆர்வம் உண்டு. இரண்டு ஜியான் இ5-2680 வி4 பிராசசர்களும் 128 ஜிபி ரேமும் கொண்ட பழைய ஒர்க்ஸ்டேஷன் ஒன்று, நடுத்தரமான புதுக் கணினியின் விலைக்கே கிடைக்கிறது. மொத்தம் 28 கோர்கள்! வாங்கிவிடலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: 2016இல் இன்டெலின் இந்தச் சர்வர் வகைப் பிராசசர் வெளிவந்தபோது ஒன்றின் பட்டியல் விலையே 1,700 டாலருக்கு மேல். அத்தகைய பொருள் இன்று இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அதில் உள்ள பழுதன்று. டேட்டா சென்டர்கள் மின்சாரத்துக்கும் குளிரூட்டலுக்கும் ஆகும் செலவைக் கணக்கிட்டு, ஒரே வாட்டில் அதிக வேலை செய்யும் புதிய சர்வர்களுக்கு மாறும்போது, பழையவற்றை மொத்தமாகக் கழித்துவிடுகின்றன. அவற்றின் பிராசசர்களும் ரேமும்தாம் பழைய கணினிச் சந்தைக்கு வந்து சேர்கின்றன.

ஆனால் கோர் என்பது பிராசசருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி; 28 கோர்கள் என்றால் 28 மடங்கு வேகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967இல் எடுத்துக்காட்டிய கணக்கு இங்கே அப்படியே பொருந்துகிறது. ஒரு வேலையில் 80 சதவீதத்தைப் பல கோர்களுக்குப் பகிர்ந்தளிக்க முடியும், மீதி 20 சதவீதத்தை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்தாக வேண்டும் என்றால், இரண்டு கோர்கள் தரும் வேகம் 1.67 மடங்கு, 28 கோர்களைப் பூட்டினாலும் அது 4.4 மடங்கைத் தாண்டாது. அந்தப் பகிர முடியாத பகுதியை ஓட்டுவது ஒரே ஒரு கோர் என்பதால், அந்த ஒன்றின் வேகம்தான் முடிவைத் தீர்மானிக்கிறது. உங்கள் ஜியானின் உச்ச வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ், 2022இல் வந்த ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 9 7950எக்ஸ், 16 கோர்களுடன் 5.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகிறது. அதோடு, ஒவ்வொரு கிகாஹெர்ட்ஸிலும் அது செய்யும் வேலையும் அதிகம்.

எடிட்டிங்கைப் பொறுத்தவரை இன்னொரு குறையும் உண்டு. இன்டெலின் சாதாரண டெஸ்க்டாப் பிராசசர்கள் பெரும்பாலானவற்றில் உள்ளிணைந்த கிராபிக்ஸும், கேமரா தரும் எச்.264, எச்.265 வீடியோவை விரைவாகப் பிரித்துக் காட்டும் க்விக் சின்க் வசதியும் இருக்கின்றன; இந்த ஜியான்களில் இரண்டும் இல்லை. ஆகவே தனியாக ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு வாங்கித்தான் ஆக வேண்டும், அதன் விலையையும் கடைக்காரர் சொன்ன விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். அந்த 128 ஜிபி ரேமும் சர்வர்களுக்கான ரிஜிஸ்டர்டு வகையாகவே இருக்கும். சாதாரண டெஸ்க்டாப் மதர்போர்டில் அது வேலை செய்யாது என்பதால், பின்னாளில் வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ளவும் வழியில்லை.

உங்கள் தொழிலுக்கு இது வேண்டாம் என்பதே என் கருத்து. பிளெண்டரில் முப்பரிமாணக் காட்சிகளைப் பிராசசரைக் கொண்டே ரெண்டர் செய்பவர், ஒரே கணினியில் பத்துப் பதினைந்து விர்ச்சுவல் மெஷின்களை (மென்பொருளால் உருவாகும் கணினிகளை) ஓட்டிப் பழகும் நெட்வொர்க் மாணவர், பெரிய மென்பொருள்களின் மூல நிரலை அடிக்கடி கம்பைல் செய்பவர் (கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றுபவர்) ஆகியோருக்கு இதே பெட்டி நல்ல பேரம்தான்.

கேள்வி: 1999, 2000 வாக்கில் ஒரு மதர்போர்டில் இரண்டு செலரான்களைப் போட்டு ஓட்டுவது பெரிய மோகமாக இருந்ததாமே? அப்படி என்ன இருந்தது அதில்? (வாசகி, மதுரை)

பதில்: அன்று ஒரு பிராசசர் என்றால் ஒரு கோர்தான். ஏதேனும் ஒரு நிரல் அந்தக் கோரை முழுவதும் பிடித்துக்கொண்டால் மவுஸ் அம்புக்குறிகூடத் திக்கித் திக்கி நகரும். இரண்டாவது பிராசசர் இருந்தால், தனியொரு நிரலின் வேகம் கூடாவிட்டாலும், ஒன்று வேலையில் மூழ்கியிருக்கும்போது மற்றொன்று உங்கள் கைக்குக் காத்திருக்கும். அந்த வழுக்கலான ஓட்டத்தை ஒருமுறை அனுபவித்தவர்கள் பழைய கணினிக்குத் திரும்ப மனம் இல்லாதவர்களானார்கள்.

செலவும் குறைந்தது. அதுவரை இரண்டு பிராசசர் என்பது விலை உயர்ந்த பென்டியம், ஜியான் வகைகளுக்கு உரிய சலுகை. இன்டெலின் மலிவு விலைப் பிராசசரான செலரானை ஜோடியாக ஓட்டுவது அந்நிறுவனத்தின் திட்டத்திலேயே இல்லை. அட்டை வடிவில் செருகப்படும் ஸ்லாட் வகைச் செலரானில் துளையிட்டு, கம்பி பற்றவைத்துத்தான் ஆர்வலர்கள் அதைச் சாதித்துக்கொண்டிருந்தார்கள். 1999இல் வந்த ஏபிட் பிபி6 மதர்போர்டில் சாக்கெட் 370 என்ற பொருத்தியில் அமரும் இரண்டு செலரான்களை எந்த மாற்றமும் செய்யாமல் பொருத்த முடிந்தது. பலரும் விரும்பியது 366 மெகாஹெர்ட்ஸ் செலரான்: பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் பஸ்ஸின் வேகத்தைப் போல 5.5 மடங்கில் ஓடும்படி அது நிலையாக அமைக்கப்பட்டிருந்ததால், பஸ் வேகத்தை 66இலிருந்து 100 ஆக்கியவுடன் 550 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. எல்லாச் சில்லுகளும் அதைத் தாங்கவில்லை என்றாலும், தாங்கியவை இரண்டு கிடைத்துவிட்டால் உயர்விலைக் கணினிக்கு இணையான ஒன்றை மிகக் குறைந்த செலவில் கட்டிவிடலாம். நிறுவனம் மூடி வைத்த கதவைத் தாமே திறந்த மகிழ்ச்சியும் அதில் கலந்திருந்தது. மோகத்தில் பாதி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

விண்டோஸ் 98 இரண்டாவது பிராசசரைக் கண்டுகொள்ளவே இல்லை. விண்டோஸ் என்டி, 2000ஆம் ஆண்டு வந்த விண்டோஸ் 2000, லினக்ஸ், பிஓஎஸ் (BeOS) ஆகிய இயங்குதளங்கள் அதைப் பயன்படுத்தின. விளையாட்டுகளில் பெரும்பாலானவை ஒரு கோரோடு நின்றுவிட, குவேக் 3 அரினா மட்டும் இரண்டையும் பயன்படுத்தும் ஓர் அமைப்பைச் சோதனையாகக் கொடுத்தது. அடுத்த தலைமுறைச் செலரானில் இன்டெல் இந்த வழியை அடைத்துவிட்டது. 2001இல் ஏஎம்டியின் அத்லான் எம்பி வந்து மோகத்தைச் சில ஆண்டுகள் நீட்டித்தது. 2005இல் இரு நிறுவனங்களும் ஒரே சில்லில் இரண்டு கோர்களை வைத்து விற்கத் தொடங்கியதும், வீட்டுக்கு இரண்டாவது சாக்கெட் வேண்டும் என்ற தேவையின் பெரும்பகுதி போய்விட்டது. 2008இல் இன்டெல் கொண்டுவந்த இரண்டு சாக்கெட் அமைப்பான ஸ்கல்டிரெயில் பணம் படைத்தவரின் காட்சிப் பொருள்: அதற்குரிய பிராசசர் ஒன்று 1,499 டாலர், அப்படி இரண்டு வேண்டும்!

கேள்வி: இப்படி இரண்டு ஜியான்கள் கொண்ட கணினியை வைத்தால் மின் கட்டணம் எவ்வளவு கூடும்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இ5-2680 வி4 ஒன்றின் வெப்ப வரம்பு 120 வாட், இரண்டும் முழு வேலையில் இருந்தால் 240 வாட். மதர்போர்டு, ரேம், விசிறிகள், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் சேர்ந்து 400 வாட் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு 3.2 யூனிட், தமிழ்நாட்டில் பில் வரும் இரண்டு மாதத்துக்கு 192 யூனிட். சர்வராக வைத்து அணைக்காமலே விட்டால், சராசரியாக 100 வாட் இழுத்தாலே அதே காலத்தில் 144 யூனிட் ஆகிவிடும். இது வீட்டின் மற்ற பயன்பாட்டுக்கு மேலே ஏறுவதால், யூனிட்டுக்கான கட்டணம் உயரும் படிநிலைக்கு உங்களைத் தள்ளக்கூடும். வாங்குவதற்கு முன் கடந்த ஓராண்டு பில்களை எடுத்துப் பாருங்கள். இழுக்கும் மின்சாரம் அத்தனையும் அறைக்குள் வெப்பமாகத்தான் வெளிவருகிறது என்பதால் ஏசியும் கூடுதலாக உழைக்கும். வீடுகளில் பரவலாக உள்ள 600 விஏ யுபிஎஸ் இந்தச் சுமையைத் தாங்காது, அதற்கும் தனிச் செலவு.

கேள்வி: அந்த இரண்டு ஜியான் கணினிக்கு விண்டோஸ் ஹோம் போதுமா? (வாசகர், சேலம்)

பதில்: போதாது. ஹோம் பதிப்பு ஒரு சாக்கெட்டை மட்டுமே பயன்படுத்தும். புரோ பதிப்பு இரண்டையும் ஏற்கும். இ5 வி4 வரிசை விண்டோஸ் 11க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. லினக்ஸ் பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

கேள்வி: இப்போது ஒரு பிராசசரை மட்டும் பொருத்தி, கையில் பணம் சேர்ந்ததும் இரண்டாவதை வாங்கலாமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: வாங்கலாம். ஆனால் இரண்டாவது சாக்கெட் காலியாக இருக்கும்வரை அதனுடன் இணைந்த ரேம் ஸ்லாட்டுகளும், பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுகளில் சிலவும் வேலை செய்யாது. இ5-2600 என்று தொடங்கும் எண்ணில் உள்ள 2 என்பது இரண்டு சாக்கெட்டுக்கு உரியது என்பதைக் குறிக்கிறது. இ5-1600 வரிசையோ, அதே சாக்கெட்டில் பொருந்தும் கோர் ஐ7 வகையோ ஜோடி சேராது, ஏனெனில் மற்றொரு பிராசசரோடு பேசும் இணைப்பு அவற்றில் இல்லை. பின்னர் வாங்குவதும் அதே மாடலாக, அதே ஸ்டெப்பிங்காக (சில்லின் திருத்தப் பதிப்பாக) இருக்கட்டும். தனி மதர்போர்டாக வாங்குவதாக இருந்தால், அது உங்கள் கேபினட்டில் அடங்குமா, மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் 8 பின் சிபியு இணைப்பு இரண்டு இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மதர்போர்டுகளில் பல 12க்கு 13 அங்குல அளவு கொண்டவை, சாதாரண ஏடிஎக்ஸ் கேபினட்டில் நுழையாது.