பாதி விலைக்கு வரும் குதிரையை வாங்கலாமா?

கேள்வி: நாங்குநேரி பக்கம் 3 ஏக்கரில் வாழை போட்டிருக்கிறேன். தெரிந்தவர் ஒருவர், வியாபாரம் படுத்துவிட்டது என்று சொல்லி, வண்டிப் பந்தயத்துக்குப் பழக்கிய 7 வயதுப் பெட்டைக் குதிரையைப் போன வருஷ விலையில் பாதிக்குத் தருகிறேன் என்கிறார். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டாவது சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறேன். வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள் அண்ணாச்சி. பசு விலை எவ்வளவு இறங்கினாலும் பால் இருக்கிறது, மேலப்பாளையம் சந்தைக்கு ஓட்டிப்போனால் கேட்க ஆள் இருக்கிறது. குதிரைக்கு அப்படி ஒரு பிடிமானம் இல்லை. பணமுடை வந்ததும் ஜனங்கள் முதலில் நிறுத்துவது ஊர்வலம், பந்தயம், சவாரி இதையெல்லாம்தான். வருமானம் நின்ற பிறகும் குதிரை தின்றுகொண்டுதான் இருக்கும், அதனால் விற்க வருபவர்கள் கூடி, வாங்க வருபவர்கள் குறைந்து, விலை இறங்கிவிடுகிறது. நீங்கள் நம்பியிருக்கிற கல்யாண வாடகையும் அதே மந்தத்தில் அடிபடும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆனால் பாதியாக இறங்குமா என்பதுதான் என் சந்தேகம். 2008 மந்தத்தில் அமெரிக்காவிலும் குதிரை விலை விழுந்தது. 2011ல் அந்நாட்டு அரசுத் தணிக்கை அலுவலகம் கணக்குப் பார்த்தபோது, மந்தத்தால் விலை இறங்கியது 4, 5 சதவீதம்தான். 2007ல் அங்கே குதிரை இறைச்சிக்கூடங்களை மூடியதால்தான் மலிவான, நடுத்தர விலைக் குதிரைகளுக்கு 8 முதல் 21 சதவீதம் வரை விழுந்திருந்தது. நம்ம ஊருக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, சரி, ஆனாலும் விலை பாதியாகிறது என்றால் மந்தத்தைத் தவிர வேறு ஏதோ ஒன்று இருக்கிறது. அது என்ன என்று கண்டுபிடித்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

முடியில் இருக்கிற சுழி சரியில்லை என்று விலை குறைத்திருந்தால் எனக்குக் கவலையே இல்லை, சுழிக்கும் காலின் பலத்துக்கும் சம்பந்தம் கிடையாது. நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் அதே சுழியைச் சொல்லிக் குறைப்பார்கள், அவ்வளவுதான். காரணம் கால் என்றால் நன்றாகப் பார்க்காமல் விடக்கூடாது. கெட்டித் தரையில் ஓடவிட்டு முன்னால் நின்று பாருங்கள், ஒரு முன்னங்கால் ஊன்றும்போது மட்டும் தலை மேலே தூக்கினால் அந்தக் காலில் வலி. குளம்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள், அழுகல் வாடை வரக்கூடாது. தீனி போட முடியாமல் விற்கிறார்களா என்பதை விலா எலும்பே சொல்லிவிடும். ஊரடங்கு சமயத்தில் பாவூர்சத்திரம் பக்கம் அப்படி ஒன்று சல்லிசாகக் கிடைத்து, அதைத் தேற்றி எடுக்கவே நாலு மாசம் ஆனதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அப்புறம் தீனி. 300 கிலோ குதிரைக்கு நாளைக்குச் சுமார் 6 கிலோ உலர்தீனி வேண்டும், காணம் (கொள்ளு), தவிடு, காய்ந்த புல் எல்லாம் சேர்த்து. மாசத்துக்கு 180 கிலோ. அதை உங்கள் ஊர்க் கடை விலையில் பெருக்கி, ஆறு வாரத்துக்கு ஒரு தடவை லாடக்கூலியும் சேர்த்து, வாடகை ஒரு பைசா வராவிட்டாலும் ஒரு வருஷம் தாங்குமா என்று பாருங்கள். வயலில் வைக்கோல் கிடக்கிறதே என்று அதை மட்டும் போட்டால் குடல் அடைத்துக்கொள்ளும். கறவை மாட்டுத் தீவனம் வேண்டவே வேண்டாம், சிலதில் கலக்கும் மோனென்சின் என்ற மருந்து குதிரையைக் கொன்றுவிடும்.

கணக்கு ஒத்துவந்தால் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கிளாண்டர்ஸ் என்கிற தொற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனைக்கு எங்கே அனுப்புவது என்று அங்கேயே கேளுங்கள், அது மனிதருக்கும் தொற்றும். விற்பவர் அதற்கு மறுத்தால், பாதி விலை எதனால் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.