கட்டிக்குள் லிம்போசைட்டுகள்: அஞ்ச வேண்டுமா?

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட தந்தையின் பயாப்சி அறிக்கையில் "கட்டிக்குள் லிம்போசைட்டுகள் மிகுதியாக ஊடுருவியுள்ளன" என்றிருப்பதைக் கண்டு, நோய் இரத்தத்திலும் பரவிவிட்டதோ என்று ஒரு வாசகி அஞ்சுகிறார்; எதிர்ப்பாற்றலைக் கூட்டும் ஊசி போடலாமா என்றும் கேட்கிறார்.

அந்த வரி பரவலைக் குறிப்பதன்று. லிம்போசைட்டுகள் உங்கள் தந்தையின் சொந்த வெள்ளணுக்களே. பெருங்குடல் புற்றுநோயில் அவை கட்டிக்குள் நிறைந்திருப்பது பொதுவாக நல்ல அறிகுறி. இதை ஒரே வாக்கியத்தில் விளக்கியிருக்கலாம். அறிக்கையை உறையிலிட்டுக் கையில் திணிப்பதோடு கடமை முடிந்ததென்று மருத்துவமனைகள் நினைக்கின்றன.

ஆனால் கட்டியைச் சூழ்ந்த எல்லாச் செல்களும் அதனோடு போரிடுவதில்லை. புற்றுச்செல்களைக் கொல்லும் டி செல்கள் (லிம்போசைட்டுகளில் ஒரு வகை) ஒருபுறமிருக்க, மேக்ரோஃபேஜ்கள் எனும் விழுங்கும் வெள்ளணுக்கள் பலவற்றைக் கட்டி தன்வசமாக்கித் தனக்குப் புதிய இரத்த நாளங்கள் அமைத்துக்கொள்கிறது. ஒழுங்குபடுத்தும் டி செல்களோ கொல்ல வந்தவற்றையே அடக்குகின்றன. ஆகவே ஊசியோ பொடியோ விற்க வரும் இடைத்தரகரிடம், அது எந்தச் செல்லைக் கூட்டும் என்று கேளுங்கள், பதில் வராது. இரத்தத்தை எடுத்து, செல்களை வளர்த்துத் திரும்பச் செலுத்துவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்கள் இன்னும் ஆபத்தானவர்கள். அவர்களை நம்பி உரிய கீமோவைத் தள்ளிப்போட்டு, நோய் முற்றிய பின் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2018 நோபல் பரிசுக்குக் காரணமான இம்யூனோதெரபி (எதிர்ப்பாற்றலைக் கொண்டே புற்றுநோயைத் தாக்கும் சிகிச்சை) எதையும் கூட்டுவதன்று; டி செல்லின் மீதுள்ள பிடி-1 போன்ற பிரேக்குகளை விடுவிப்பது. பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் அதற்கு மசிவதில்லை.

விதிவிலக்கு ஒன்றுண்டு; உங்கள் தந்தை அதில் அடங்கக்கூடும். டிஎன்ஏ நகலெடுக்கப்படும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் சில கட்டிகளில் இருப்பதில்லை. பெருங்குடல் கட்டிகளில் ஏறத்தாழ 15 சதவீதம் இப்படிப்பட்டவை, பரவிய நிலையில் சுமார் 5 சதவீதம். பிழைகள் குவியக் குவிய, கட்டி உடலுக்கு அந்நியமாகத் தெரிகிறது. லிம்போசைட்டுகள் திரள்வதும் அதனால்தான். அத்தகைய நோய் பரவியிருந்தால், பிடி-1 பிரேக்கை விடுவிக்கும் பெம்ப்ரோலிசுமாப் முதல் மருந்தாகவே தரப்படுகிறது. நிணநீர்க் கணுக்களை எட்டாத இரண்டாம் நிலையிலேயே நின்றிருந்தால், ஃப்ளோரோயுராசில் மட்டும் தரும் கீமோவால் பயனில்லை. குறைபாடு பரம்பரையாக வந்ததெனில் உங்களுக்கும் உடன்பிறந்தோருக்கும் மரபணுப் பரிசோதனை தேவைப்படும்.

பிழை திருத்தும் அந்தப் புரதங்கள் நான்கையும் சோதிக்க, ஏற்கெனவே அகற்றிய திசுவே போதும். அது மெழுகில் பதித்து ஆய்வகத்தில் வைக்கப்பட்டிருக்கும். சோதனை நடந்ததா என்று அடுத்த சந்திப்பில் கேளுங்கள், இல்லையெனில் செய்யச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.