வீடு வரை வரும் அலாரம்

கேள்வி: 9 ஆண்டுகளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். போன மாதம் இரவு டியூட்டியில், மணிக்கு 5 மி.லி. என்று வைக்க வேண்டிய இன்ஃப்யூஷன் பம்பில் (நோயாளிக்கு மருந்தை அளவாகச் செலுத்தும் கருவி) 50 என்று அழுத்திவிட்டேன். மருந்து ஓடத் தொடங்கும் முன்பே உடனிருந்த சிஸ்டர் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டுக்குப் போன பிறகும் வார்டுக்கு போன் செய்கிறேன். தூக்கத்தில் அலாரம் கேட்கிறது. ஒரே கேள்வியை மூன்றாம் முறை கேட்டதற்காக நேற்று ஒரு நோயாளியின் மகள் மீது எரிந்து விழுந்தேன். எனக்கு மனத்திடம் போதவில்லையோ?

பதில்: மனத்திடம் கிடக்கட்டும். அது எத்தனையாவது தொடர் இரவு, உங்கள் பொறுப்பில் எத்தனை பேர் என்பதை எழுதவே இல்லையே! 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்று 1997-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நிர்வாகம் யோகா வகுப்பு வைத்தால் போய் வாருங்கள். ஆள் பற்றாக்குறையை மூச்சுப் பயிற்சி தீர்க்காது.

தவறு நேரும்போது நோயாளிக்கு அடுத்தபடியாக அடிபடுபவர் மருத்துவப் பணியாளரே என்று 2000-இல் ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் எழுதினார். தப்பிய தவறும் அப்படித்தான் அடிக்கும். கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றினேனா என்று பஸ் நிறுத்தத்திலிருந்து வார்டுக்குத் திரும்பி ஓடியவள் நான். ஏற்றித்தான் இருந்தது. மறுநாளும் ஓடினேன்.

என்னை நிறுத்தியது, பணியை ஒப்படைக்கும் முறையை மாற்றியதுதான். ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று பம்பின் எண்ணை நீங்கள் வாசியுங்கள். பொறுப்பேற்பவர் திரையைப் பார்த்துத் திருப்பிச் சொல்லட்டும். பிறகு போன் செய்யக் கை போனால், அந்தக் குரலை நினைத்துக்கொள்ளலாம். நடந்ததை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்; 5-க்கும் 50-க்கும் இடையே ஒரு பூஜ்யம்தான், நாளை இன்னொருவர் விரலும் தவறும். இரவில் 20 நிமிடம் படுக்க இடைவேளை கேளுங்கள். கூச்சம் வேண்டாம். இத்தனைக்குப் பிறகும் தூக்கம் கூடவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அந்தப் பெண்ணிடம், "நேற்று குரலை உயர்த்திவிட்டேன், மன்னியுங்கள்" என்று சொன்னால் போதும். கூடவே நோயாளியின் இன்றைய நிலையையும் சொல்லுங்கள். மூன்று முறையும் அவர் கேட்டது அதைத்தான்.