கேப்சூல் தவிர ஜெலட்டினுக்கு வேறு புதிய பயன் உண்டா? கடலூர் மீன் தோலில் இருந்து எடுக்க முடியுமா?

கல்லூரி புராஜெக்டுக்காகக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் பதில் ஆமாம்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கல்குவாரிச் செய்திகளில் வரும் ‘ஜெலட்டின் குச்சி’க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆல்ஃபிரட் நோபல் 1875இல் நைட்ரோகிளிசரினில் நைட்ரோசெல்லுலோஸைக் கரைத்துச் செய்த வெடிகூழில் இருந்து வந்த பெயர் அது. நாம் பேசுவது, ஆட்டுக்கால் சூப்பை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் கட்டியாக உறைகிறதே, அந்தப் பொருள்.

மாட்டு, பன்றி ஜெலட்டின் உடல் சூட்டுக்குக் கீழேயே, 30 முதல் 35 டிகிரிக்குள், உருகிவிடும். புதிய மருத்துவப் பயன்கள் பலவும் இந்தக் குணத்தைப் பயன்படுத்துகின்றன, அல்லது தடுக்கின்றன. பயன்படுத்துவதற்கு உதாரணம், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட முறை: ஜெலட்டின் துகள் குழம்புக்குள் ஊசியால் திசு வடிவத்தை அச்சடிக்கிறார்கள், 37 டிகிரிக்குச் சூடாக்கியதும் தாங்கி நின்ற ஜெலட்டின் உருகி ஓட, வடிவம் மட்டும் நிற்கிறது.

தடுப்பதற்கு உதாரணம் ஜெல்மா, அதாவது செல்களை வளர்ப்பதற்காக ரசாயனம் சேர்த்து மாற்றிய ஜெலட்டின். 10 சதவீத ஜெலட்டின் கரைசலை 50 டிகிரியில் வைத்து, மெத்தாக்ரிலிக் அன்ஹைட்ரைடைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பிறகு 40 டிகிரியில் ஐந்தாறு நாள் டயாலிசிஸ், அதாவது சவ்வுப் பையில் ஊற்றி நீரில் வைத்து மிச்ச ரசாயனத்தை வெளியேற்றுவது. லேப் என்னும் ஒளித்தூண்டியைச் சேர்த்து 405 நானோமீட்டர் ஒளி காட்டினால், உடல் சூட்டிலும் உருகாத ஜெல் கிடைக்கும். பெரும்பாலும் கெடுவது டயாலிசிஸில் அவசரப்படுவதால்தான். மிச்சமிருக்கும் அமிலம் ஜெல்லில் வளர்க்கும் செல்களைக் கொன்றுவிடும்.

இனி மீன் தோல். கடலூர் முதுநகரானாலும் புதுச்சேரித் தேங்காய்த்திட்டானாலும் கிளாத்தி மீன் கிடைத்தால் விடாதீர்கள். தோலை உரித்துத்தான் விற்பார்கள், அது தடிமனானது. 2 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, லிட்டருக்கு 4 கிராம் காஸ்டிக் சோடா கரைத்த நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள். வேண்டாத புரதம் போய்விடும். அடுத்து லிட்டருக்கு 3 கிராம் அசிட்டிக் அமிலம், இரண்டு மூன்று மணி நேரம். தோல் உப்பி, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவினால் போதும். கிளாத்திக்குக் கூடுதல் நேரம் ஆகும். இந்த இரண்டு ஊறலும் ஐஸில்தான் நடக்க வேண்டும். நம் ஊர் 33 டிகிரி வெயிலில் விட்டால் உப்பிய கொலாஜன் (ஜெலட்டினாக மாறும் தோல் புரதம்) அமிலத்திலேயே கரைந்து, கழுவும் தண்ணீரோடு போய்விடும். ‘தோலில் ஒன்றுமே வரவில்லை’ என்பவர்களில் பலர் அதைச் சாக்கடையில் ஊற்றியிருப்பார்கள். பிறகு நடுநிலை வரும்வரை கழுவி, 50 டிகிரி வெந்நீரில் 12 மணி நேரம் வைத்து, வடிகட்டி, தட்டில் மெல்லிசாக ஊற்றிக் காயவையுங்கள். கொதிக்க விட்டால் புரதச் சங்கிலி அறுந்து, உறையாத பசைதான் மிஞ்சும்.

‘மீன் ஜெலட்டின் பலவீனமானது’ என்று யாராவது பின்னூட்டம் போடுவார்கள். குளிர்கடல் மீனுக்கு அது உண்மை, 10 டிகிரிக்கு மேல் உறையாது. வெப்பக்கடல் மீன் அதைவிட நன்றாகவே உறையும்.

என் ஆதங்கம் வேறு. கடைகளில் லூஸாக விற்கும் பவுடரில், ஜெல் எவ்வளவு கெட்டியாக உறையும் என்று காட்டும் புளூம் எண்ணே போடுவதில்லை. 7.5 கிராமை 105 மில்லி நீரில் கரைத்து, 10 டிகிரியில் 17 மணி நேரம் உறையவிட்டு, 12.7 மி.மீ. உருளையை 4 மி.மீ. ஆழம் அமுக்க எத்தனை கிராம் விசை வேண்டும் என்பதுதான் அந்த எண். அது தெரியாமல் வாங்கிப் பரிசோதனை தோற்கும் மாணவர்கள் செய்முறையைத் திட்டுகிறார்கள். இது அநியாயம்.

பிளாஸ்டிக்குக்குப் பதில் ஃபிலிம் செய்வதானால் 5 சதவீதக் கரைசல் எடுங்கள். புத்தகங்கள் ஜெலட்டின் எடையில் 30 சதவீதம் கிளிசரின் என்கும். புதுச்சேரிக் கடற்காற்றில், அதிலும் ஐப்பசி கார்த்திகையில், அது ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும், 20 போதும். தண்ணீரில் கரையாமல் இருக்க டானிக் அமிலம், ஜெலட்டின் எடையில் ஒன்றிரண்டு சதவீதம். தோல் பதனிடக் கடுக்காய் செய்யும் அதே வேலைதான். முதலில் பி.எச். 8க்குக் கொண்டுவந்து, கலக்கிக்கொண்டே சொட்டாக விடுங்கள். அமிலக் கரைசலில் கொட்டினால் அந்த நொடியே திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகிவிடும், திரும்பக் கரைக்க முடியாது.