மில்லில் மூடை தூக்கி முதுகு பிடித்துவிட்டது: பிசியோதெரபி போவதா, பெல்ட் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவதா?

கேட்டவர் சம்மாந்துறைப் பக்கம் அரிசி ஆலையில் நாட்டாமை வேலை (மூடை சுமக்கும் வேலை) செய்யும் 31 வயதுத் தம்பி. மூன்று கிழமைக்கு முன் லொறிக்கு மூடை ஏற்றும்போது இடுப்பில் பிடித்து, இப்போது வலது பிட்டத்தில் இருந்து தொடைவரை இழுக்கிறது. குனிந்தால், இருந்தால் கூடுகிறது, நடந்தால் குறைகிறது. முதலாளி பெல்ட் வாங்கித் தந்து வரச் சொல்கிறார். வீட்டில் ஒரு மாதம் படு என்கிறார்கள். இரண்டுமே சரியில்லை தம்பி.

முதலில் இதைப் பாருங்கள். சிறுநீர் கழிக்க முடியாமல் போவது அல்லது அறியாமலே போவது, மலவாசலைச் சுற்றியும் தொடை இடுக்கிலும் மரத்துப்போவது, இரண்டு காலும் பலம் குறைவது, பாதம் தூக்க முடியாமல் நடக்கையில் விரல் தரையில் இடறுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் பிசியோவும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். நரம்புக் கற்றை நசுங்கினால் மணித்தியாலக் கணக்கில்தான் நேரம் இருக்கும். முதுகு வலியோடு காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, உயரத்தில் இருந்து விழுந்த அடி இருந்தாலும் டொக்டரிடம்தான் முதலில் காட்ட வேண்டும்.

இவை இல்லையென்றால் படுத்துக் கிடக்காதீர்கள். தாங்க முடியாத வலிக்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் ஓய்வு போதும். அதற்கு மேல் படுத்தால் தசை இளைத்து, எழும்பவே பயம் வந்துவிடும். எம்.ஆர்.ஐ எடுக்கக் கடன் வாங்கவும் வேண்டாம். முப்பது வயதில் முதுகு வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்தாலும் பத்துப் பேரில் நாலு பேருக்கு டிஸ்க் (முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை) பிதுங்கல் தெரியும். கால் பலம் குறைந்தால், ஆறு கிழமையாகியும் அசையாவிட்டால், அப்போது டொக்டர் சொல்லி எடுக்கலாம்.

இனிப் பயிற்சி. உங்களைப் போல குனிந்தால், இருந்தால் வலி கூடி, நடந்தால் குறைகிற ஆட்களுக்குப் பின்வளைவு பெரும்பாலும் ஒத்துவரும். பாயில் குப்புறப் படுத்து இரண்டு மூன்று நிமிடம் சும்மா கிடவுங்கள். பிறகு முழங்கைகளை ஊன்றி நெஞ்சை உயர்த்தி இரண்டு மூன்று நிமிடம். அது சுகமாக இருந்தால், உள்ளங்கைகளைத் தோளுக்கு நேரே வைத்துக் கையைத் தள்ளி மேலுடம்பை உயர்த்தி இறக்குங்கள், 10 தடவை. இதை இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை செய்யலாம். முதுகுத் தசையால் எழும்புவதும், பிட்டத்தை இறுக்குவதும்தான் எல்லாரும் விடுகிற பிழை. உயர்த்துகிற வேலை கைக்கு மட்டும். இடுப்பெலும்பு பாயிலேயே தளர்ந்து கிடக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது வலி எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதுதான். தொடை இழுப்புக் குறைந்து வலி நடு இடுப்புக்கு ஏறினால், இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் நல்ல அறிகுறி, தொடருங்கள். முழங்காலைத் தாண்டிக் கீழே இறங்கினால் உடனே நிறுத்துங்கள், அந்தப் பயிற்சி உங்களுக்கு உரியதில்லை. நடந்தால் கால் கடுத்து, கதிரையில் இருந்தால் சுகமாகிற வயதானவர்கள் இதைப் பார்த்துச் செய்ய வேண்டாம். அவர்களுக்கு நரம்புப் பாதை ஒடுங்கியிருக்கலாம், பின்வளைவு இன்னும் கெடுக்கும்.

முறிவு வைத்தியரிடம் உருவிச் சுகமானவர்கள் இருக்கிறார்களே என்று யாராவது கீழே எழுதத்தான் போகிறீர்கள். இருக்கிறார்கள், மறுக்கவில்லை. புதிதாக வந்த முதுகுப் பிடிப்பில் பெரும்பாலானது ஆறு கிழமைக்குள் தானாகவே நன்றாகக் குறைந்துவிடும். கடைசியாகச் செய்த வைத்தியத்துக்குப் பெயர் போகும். வலி குறைவது ஒன்று, மறுபடி மூடை தூக்கத் தாங்குவது வேறொன்று. இரண்டாவதை உருவுதல் தராது. பிசியோ என்ற பெயரில் கரண்ட் பிடித்து, சூட்டு விளக்குக் காட்டி அனுப்பினாலும் அதே கதைதான். கரண்ட் கொஞ்ச நேரத்துக்கு வலியை அடக்கும், தசைக்குப் பலம் ஏற்றாது. காசு கொடுத்துப் பத்து நாள் கரண்ட் மட்டும் பிடித்துவிட்டு, பிசியோ செய்தும் சரிவரவில்லை என்று வருகிற நாட்டாமைமாரைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. அவர்களுக்குப் பிசியோதெரபி இன்னும் தொடங்கவே இல்லை.

தொடை இழுப்பு நின்றதும் பலப்படுத்தல். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நாலு காலில் நின்று வலக்கை, இடக்காலை நேரே நீட்டி 8 முதல் 10 செக்கன் பிடித்து, பிறகு பக்கம் மாற்றுவது. இடுப்பின் மேல் ஒரு தண்ணீர்க் கோப்பை வைத்தால் சிந்தக் கூடாது, அந்த அளவுக்கு நடு உடம்பு அசையாமல் இருக்க வேண்டும். பக்கவாட்டில் முழங்கையும் முழங்காலும் ஊன்றி இடுப்பை உயர்த்திப் பிடிப்பதும் அதே கணக்கு. முதல் சுற்று 6 தடவை, அடுத்தது 4, கடைசி 2. களைத்து நடுங்கும்வரை பிடிப்பதில் பலன் இல்லை. கூடவே குனியப் பழக வேண்டும். விளக்குமாற்றுத் தடியை முதுகோடு வைத்து, தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றிலும் தொட்டபடி பிட்டத்தைப் பின்னால் தள்ளிக் குனியுங்கள். ஒரு இடத்தில் தடி விலகினால் வளைவது முதுகு, இடுப்பு மூட்டு இல்லை.

பிறகுதான் பாரம். 10 கிலோ மணல் பையை மேசை உயரத்தில் இருந்து தூக்கி வையுங்கள், 8 தடவை, மூன்று சுற்று. அடுத்த நாள் காலை வலி முந்தின அளவிலேயே இருந்தால் இரண்டு மூன்று நாளில் 5 கிலோ கூட்டலாம், அல்லது பையை முழங்கால் உயரத்துக்கு இறக்கலாம். இரண்டையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். நிலத்தில் இருந்து தூக்குவது கடைசி. முழு மூடைக்குத் திரும்ப இன்னும் இரண்டு, மூன்று மாதம் எடுத்தாலும் அது தாமதம் இல்லை.

வேலையும் மாறாவிட்டால் இவ்வளவும் வீண். அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனத்தின் கணக்கில், எல்லாம் சரியாக அமைந்தால்கூட ஒருவர் தனியாகத் தூக்க 23 கிலோதான் எல்லை. அதுவும் கணுக்காலில் இருந்து முன்பக்கமாகக் கை 25 சென்ரிமீற்றருக்குள் இருந்தால். 50 சென்ரிமீற்றர் எட்டித் தூக்கினால் அந்த எல்லை பாதியாகிவிடும். சர்வதேச தொழில் அமைப்பு 1967 இலேயே வளர்ந்த ஆணுக்கு 55 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. எங்கள் பக்கம் நெல் மூடை அறுபதைத் தாண்டும். அந்த நிறையில் முழங்காலை மடக்கித் தூக்கு என்று புத்திமதி சொல்வது மட்டும் போதாது. அடிவரிசையை மரப் பலட்டில் ஏற்றி வைத்தாலே நிலம்வரை குனிவது போகும். இரண்டு பேர் தூக்கித் தோளில் வைக்க, மூன்றாமவர் நிமிர்ந்தபடி வாங்க வேண்டும். திரும்பும்போது பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள், இடுப்பை முறுக்காதீர்கள்.

இன்னும் இரண்டு. விடிய எழும்பியதும் டிஸ்க் நீர் ஏறி உப்பியிருக்கும். முதல் ஒரு மணித்தியாலம் ஆழக் குனிந்து பாரம் எடுக்க வேண்டாம். அதேபோல் கல்முனையில் இருந்து கொழும்புவரை லொறியில் கூனி இருந்துவிட்டு, இறங்கிய கையோடு மூடை இறக்காதீர்கள். முதுகின் இணைப்பு நார்கள் இழுபட்டுத் தளர்ந்திருக்கும். பத்து நிமிடமாவது நடந்து, நாலைந்து தடவை பின்னுக்கு வளைந்துவிட்டுத் தொடங்குங்கள்.

பெல்ட் காயத்தைத் தடுக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. கட்டினால் தைரியம் வந்து இன்னும் கூடத் தூக்குவதுதான் நடக்கிறது. முதலாளி தந்ததை மறுத்துப் பகைக்க வேண்டியதில்லை, ஆனால் அதை நம்பி முழு மூடைக்குப் போகாதீர்கள்.

மூடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு, ஒரு கிழமை நின்றால் ஒரு கிழமைச் சோறு இல்லை. இதைத் தெரிந்துகொண்டே ஓய்வெடு என்று எழுத எனக்குச் சங்கடம்தான். வேலையில் பட்ட காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934 ஆம் ஆண்டில் இருந்து கட்டளைச்சட்டம் இருக்கிறது. அதற்குப் பதிவு வேண்டும். ஆஸ்பத்திரியில் வெறுமனே முதுகு வலி என்று சொல்லாமல், இன்ன திகதி, மில்லில் மூடை ஏற்றும்போது நடந்தது என்று சொல்லி டொக்டரைக் கொண்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள். எழுதித் தந்த துண்டைத் தொலைக்காதீர்கள்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலும் பிசியோதெரபி இலவசம். வெளிநோயாளர் பிரிவில் காட்டி டொக்டரின் கடிதத்தோடு போங்கள். எந்த அசைவில் வலி எங்கே ஓடுகிறது, ஒரு நாளைக்கு எத்தனை மூடை, எந்த உயரத்துக்கு என்று பிசியோவிடம் சொல்லுங்கள். பயிற்சித் தாளை மட்டும் கையில் தந்தால், அங்கேயே ஒருமுறை செய்து காட்டி, “சரியா செய்றனா எண்டு பாருங்க சேர்” என்று கேட்டுவிட்டு வாருங்கள்.