விதைநெல் உதவி: விளைச்சல் கூடியது அதனால்தானா?

உங்கள் உதவித் திட்டத்தில் விதைநெல் பெற்றவர்களுக்கு ஏக்கர் விளைச்சல் 1,800 கிலோவிலிருந்து 2,200 ஆனது என்கிறீர்கள். அந்த 400-ஐ அப்படியே திட்டத்தின் பலனாக எழுதிவிடாதீர்கள், மழையும் உதவியிருக்கும். அதே வாய்க்கால் பாசனத்தில், இந்த விதை பெறாத பக்கத்து ஊரையும் பாருங்கள். அங்கே 250 கூடியிருந்தால் உங்கள் பலன் 150தான். அதே ஊரில் விதை பெறாதவர்களோடு ஒப்பிட வேண்டாம், அவர்களுக்கும் விதை கைமாறியிருக்கும்.

மூட்டைக் கணக்கை நம்பாதீர்கள், மூட்டைக்கு மூட்டை எடை மாறும். வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருக்கும் நெல்லை அறுத்து, அடித்து, தூற்றி நிறுங்கள். இடத்தைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுங்கள். விவசாயியிடம் விட்டால் செழித்த மூலையைத்தான் காட்டுவார். ஈரப்பதம் 20% என்றால் எடையை 80-ஆல் பெருக்கி 86-ஆல் வகுத்தால் 14% ஈரப்பதத்தில் உள்ள எடை வரும்; எல்லா வயலையும் இப்படி ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். ஒரு ஏக்கரில் இப்படி சுமார் 162 கட்டங்கள் இருப்பதால், அதை 162-ஆல் பெருக்கினால் ஏக்கர் விளைச்சல். விதையை விதைக்காமல் விற்றவர்களையும் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள், அவர்களும் உதவி பெற்றவர்கள்தான்.